ராக்கெட்டின் முதல் பயணத்தை நேரலையில் பார்ப்பது எப்படி: கைதட்டும் முன் கவனிக்க வேண்டியவை

2022 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை. காலை 9.18-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் புதிய சின்ன ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி-யின் முதல் பறப்பு, எஸ்.எஸ்.எல்.வி-டி1, கிளம்பியது. எங்கள் வீட்டில் எல்லோரும் டிவி முன்னால்தான் இருந்தோம். புகையும் நெருப்புமாக எழும்பியதும் கைதட்டினோம், ரெண்டு நிமிஷத்தில் ஒருவர் காபி போட எழுந்து போனார், இன்னொருவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்து அனுப்பிவிட்டார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் கட்டுப்பாட்டு அறையில் முகங்கள் இறுகியிருந்தன. இறுதிக் கட்டத்தில் தரவு இழப்பு இருக்கிறது, ஆராய்ந்து சொல்கிறோம் என்று இஸ்ரோ தலைவர் சோம்நாத் சொன்னார். அன்றைக்கே அறிவிப்பு வந்தது: செயற்கைக்கோள்கள் போக வேண்டிய பாதைக்குப் போகவில்லை, இனிப் பயன்படாது.

அந்தக் கால் மணி நேரத்தில் திரையில் என்ன ஓடியது என்று பிறகுதான் பொறுமையாக உட்கார்ந்து படித்தேன். படித்தபோது ஒன்று புரிந்தது. ராக்கெட் கிளம்புவதைப் பார்ப்பது வேறு, ஏவுதலைப் பார்ப்பது வேறு. ரெண்டாவதற்குக் கொஞ்சம் தயாராக வேண்டும், ஆனால் பள்ளிக்கூடக் கணக்குத் தெரிந்த யாரும் தயாராகிவிடலாம். அதற்குத்தான் இந்தப் பதிவு. எஸ்.எஸ்.எல்.வி-யையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், உலகத்தில் எந்தச் சின்ன ராக்கெட்டின் முதல் பறப்புக்கும் இதே முறை பொருந்தும்.

முந்தின நாளே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

முதலில் பெயரைப் பாருங்கள். டி1, டி2 என்று வந்தால் அது டெவலப்மென்ட், அதாவது வளர்ச்சிக் கட்டச் சோதனைப் பறப்பு. அதில் ராக்கெட்தான் பரீட்சை எழுதுகிறது, செயற்கைக்கோள்கள் கூடவே போகின்றன. அடுத்து, அந்த ராக்கெட்டில் எத்தனை கட்டங்கள், ஒவ்வொன்றிலும் என்ன எரிபொருள் என்று குறித்துக்கொள்ளுங்கள். எஸ்.எஸ்.எல்.வி 34 மீட்டர் உயரம், 2 மீட்டர் விட்டம், கிளம்பும்போது சுமார் 120 டன். மூன்று கட்டங்களும் திட எரிபொருள். உச்சியில் திரவ எரிபொருளில் ஓடும் வி.டி.எம் என்ற குட்டிப் பகுதி ஒன்று இருக்கிறது, வேகத்தைத் துல்லியமாகச் சரிசெய்வதுதான் அதன் வேலை. 500 கிலோ எடையை 500 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோக வடிவமைத்தது.

திட எரிபொருள் என்பதை ஏன் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றால், பற்றவைத்துவிட்டால் அதை நிறுத்த முடியாது, தீபாவளி ராக்கெட் மாதிரி தீரும்வரை எரியும். தயாரிக்கும்போது எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு மோட்டார் துளி அதிகமாகத் தள்ளும், இன்னொன்று துளி குறைவாகத் தள்ளும். மூன்று கட்டங்களிலும் சேர்ந்த அந்தக் கூடுதல் குறைவை எல்லாம் கடைசியில் வி.டி.எம்-தான் ஈடுகட்டியாக வேண்டும். ஆகவே பிரம்மாண்டமான முதல் கட்டத்தைவிட, டிவியில் கண்ணுக்கே தெரியாத அந்தக் குட்டிப் பகுதி ஓடும் சில நொடிகள்தான் முக்கியம். பெரும்பாலான வீடுகளில் அந்த நேரத்துக்குள் டிவி சேனலை மாற்றியிருப்பார்கள்.

மூன்றாவதாக, போக வேண்டிய பாதை. டி1-க்கு 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப் பாதை, நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 37 டிகிரி சாய்வு. இந்த உயரத்தைத் தாளின் மேலே பெரிதாக எழுதி வையுங்கள். முடிவைத் தீர்மானிக்கப் போவது அந்த எண்தான்.

அப்புறம், ராக்கெட்டில் யார் ஏறியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். டி1-இல் இரண்டு பேர். ஒன்று இஸ்ரோவின் இ.ஓ.எஸ்-02, புவியைப் படம் பிடிக்கும் செயற்கைக்கோள், சுமார் 135 கிலோ. இன்னொன்று ஆசாதிசாட், சுமார் 8 கிலோ. சென்னையில் இருக்கும் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா ஒருங்கிணைக்க, நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள் சேர்ந்து செய்தது. மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. ஒவ்வொரு பள்ளிக்கும் ஏறத்தாழ 50 கிராமில் ஒரு கருவி. 50 கிராம் என்றால் உள்ளங்கையில் வைத்தால் ஒரு கோழி முட்டை கனம். அதற்குள் தங்கள் கையால் நிரல் ஏற்றி அனுப்பிய பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரிந்து பார்க்கும்போது திரையில் ஓடுவது வெறும் கோடாக இருக்காது.

ஏவுதலுக்கு முன்பே இஸ்ரோ தன் தளத்தில் ஒரு சிற்றேடு போடுகிற வழக்கம் உண்டு. அதில் எத்தனையாவது நொடியில் எது நடக்கும், அப்போது உயரம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று அட்டவணை இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வரியாக டிக் போட்டுக்கொண்டே வரலாம்.

உயரம் ஏமாற்றும், வேகத்தைப் பாருங்கள்

இது சுற்றுப்பாதை விஷயத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம், கொஞ்சம் நின்று சொல்கிறேன். 356 கிலோமீட்டர் என்பது பெரிய தூரமே இல்லை, சென்னையிலிருந்து திருச்சிக்குப் போவதைவிடக் கொஞ்சம் அதிகம். மேலே ஏறுவது மட்டும்தான் வேலை என்றால் இதைவிடச் சின்ன ராக்கெட் போதும். ஆனால் ஏறிய பொருள் உடனே கீழே விழுந்துவிடும். விழாமல் இருக்க அது பக்கவாட்டில் நொடிக்கு சுமார் 7.7 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். சென்னையில் கிளம்பினால் முக்கால் நிமிஷத்துக்குள் திருச்சியைத் தாண்டுகிற வேகம். விழுந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் அந்த வேகத்தில் ஓடும்போது பூமியும் அதே அளவுக்கு வளைந்து கொடுப்பதால் தரையைத் தொடாது.

ஆகவே நேரலையில் உயரக் கோடு அழகாக மேலே ஏறுவதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். வேக எண்ணைப் பாருங்கள். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வேகத்தை ரெண்டு விதமாகச் சொல்வார்கள், ஒன்று தரையைப் பொறுத்தது, இன்னொன்று பூமி சுழல்கிற வேகத்தையும் சேர்த்தது. ஸ்ரீஹரிகோட்டா இருக்கிற இடத்தில் பூமி நொடிக்கு சுமார் 450 மீட்டர் வேகத்தில் கிழக்கே சுழல்கிறது, அதனால்தான் அட்டவணையில் ராக்கெட் ஏவுமேடையில் நின்றுகொண்டிருக்கும்போதே அதன் வேகம் 450 சொச்சம் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். தவறில்லை, அது சுழற்சியும் சேர்ந்த வேகம். திரையில் தரையைப் பொறுத்த வேகம் ஓடினால், 37 டிகிரி சாய்வுப் பாதைக்குக் கடைசி எண் 7.7-க்குப் பதிலாக 7.3-க்கு அருகில்தான் இருக்கும். எது காட்டுகிறார்கள் என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஏவுமேடையில் நிற்கும்போது பூஜ்யம் என்று இருந்தால் அது தரையைப் பொறுத்தது.

இப்போது நானே போட்டுப் பார்த்து வைத்திருக்கும் ஒரு கணக்கு. தாழ்வான சுற்றுப்பாதையில் வேகம் நொடிக்கு 1 மீட்டர் குறைந்தால், பூமிக்கு எதிர்ப்பக்கத்தில் பாதையின் உயரம் சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் இறங்கும். டி1-க்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 356 கிலோமீட்டர் வட்டத்துக்குப் பதிலாக 356-க்கு 76 என்ற நீள்வட்டப் பாதையில், அதாவது ஒரு பக்கம் 356, எதிர்ப்பக்கம் 76 கிலோமீட்டர் உயரத்தில், ராக்கெட் செயற்கைக்கோள்களை விட்டது. எதிர்ப்பக்கம் 280 கிலோமீட்டர் இறங்கியிருக்கிறது. மூன்றரையால் வகுத்தால் 80. நொடிக்கு 7,700 மீட்டர் தேவைப்பட்ட இடத்தில் 80 மீட்டர் வாக்கில் பற்றாக்குறை, நூற்றில் ஒரு பங்கு. 99 மதிப்பெண் வாங்கியும் தேறாத பரீட்சை இது.

76 கிலோமீட்டரில் ஏன் எல்லாம் முடிந்துபோகிறது? அந்த உயரத்தில் காற்று மெல்லியதுதான், ஆனால் நொடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் வரும் பொருளுக்கு அந்த மெல்லிய காற்றே சுவர். முதல் சுற்றிலேயே இழுத்துக் கீழே கொண்டுவந்துவிடும். ஆக, ஏவுதல் முடிந்ததும் அறிவிக்கும் ரெண்டு எண்களில் சின்ன எண்ணை முதலில் பாருங்கள். 150-க்குக் கீழே இருந்தால் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள், 100-க்குக் கீழே என்றால் அந்தச் செயற்கைக்கோள் அடுத்த சுற்றுக்கு வராது.

நெஞ்சு படபடக்க வேண்டிய இடங்கள்

கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரும் குரலுக்குக் காது கொடுங்கள். ஒவ்வொரு கட்டம் எரியும்போதும் பெர்ஃபார்மன்ஸ் நார்மல் என்று ஒரு குரல் சொல்லும். அது வந்தால் நல்லது. வர வேண்டிய நேரத்தில் வராமல் தாமதித்தால் அட்டவணையில் நொடியைப் பாருங்கள். திரையில் ரெண்டு கோடுகள் ஓடும், ஒன்று போக வேண்டிய பாதை, மற்றது போய்க்கொண்டிருக்கும் பாதை. ரெண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போக வேண்டும். மெல்ல விலக ஆரம்பித்தால் அங்கே ஏதோ நடக்கிறது. கோடு நேராக, அசையாமல், புதுத் தகவல் இல்லாமல் ஓடினால் தரவு வரவில்லை என்று அர்த்தம், அது ராக்கெட்டின் கோளாறாகவும் இருக்கலாம், தரையில் கேட்கிற கருவியின் கோளாறாகவும் இருக்கலாம்.

தரைக் கருவி சொதப்புவது அரிதான விஷயம் என்று நினைக்க வேண்டாம். நியூசிலாந்தின் மாகியா தீபகற்பத்திலிருந்து 2017 மே 25 அன்று ராக்கெட் லேப் நிறுவனத்தின் எலெக்ட்ரான் முதன்முதலாகப் பறந்தபோது ராக்கெட் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தரையில் இருந்த தரவுக் கருவியின் அமைப்பில் நடந்த தவறால் தொடர்பு அறுந்தது, பாதுகாப்பு விதிப்படி நாலு நிமிஷத்தில் பறப்பை முடித்துவைத்தார்கள்.

மற்றபடி முதல் பறப்பில் அதிகம் பயப்பட வேண்டியது எரியும் நேரத்துக்கு இல்லை, கைமாறும் நேரத்துக்கு. ஒரு கட்டம் பிரிந்து அடுத்தது பற்றுகிற சில நொடிகள், மூக்குக் கூம்பு கழன்று விழும் நேரம், கடைசிக் குட்டி எஞ்சின் தொடங்கும் நேரம். மோட்டார்களைத் தரையில் கட்டிவைத்து எரித்துப் பார்த்துவிடலாம். ஆனால் பறக்கும்போது, காற்றில்லாத உயரத்தில், முழு ராக்கெட்டும் அதிரும்போது பிரிவது எப்படி இருக்கும் என்பதைப் பறந்துதான் பார்க்க முடியும். பி.எஸ்.எல்.வி-யின் முதல் பறப்பு 1993 செப்டம்பர் 20 அன்று தோற்றதும் இரண்டாம் மூன்றாம் கட்டங்கள் பிரிந்த நேரத்துத் தடுமாற்றத்தாலும் ஒரு மென்பொருள் பிழையாலும்தான். இஸ்ரோவின் பழைய ராக்கெட்டான ஏ.எஸ்.எல்.வி 1987 மார்ச் 24 அன்று முதலில் பறந்தபோது பக்கவாட்டு மோட்டார்கள் எரிந்து முடிந்தும் முதல் கட்டம் பற்றவே இல்லை.

டி1-இல் நடந்ததும் அப்படித்தான், அதை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். இரண்டாம் கட்டம் பிரிந்தபோது ஒரு சின்ன அதிர்வு, மிகக் குறைந்த நேரம்தான். ஆனால் ராக்கெட்டின் வேகமாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகள் பொருத்தியிருந்த தட்டு அந்த அதிர்வில் உலுக்கப்பட்டது. மொத்தம் ஆறு முடுக்கமானிகள், ஒன்று பழுதானால் மற்றவை காப்பாற்றட்டும் என்றுதான் ஆறு வைத்தார்கள். ஆறுமே ஒரே நேரத்தில் தம் அளவுக்கு மீறிய எண்ணைக் காட்டின. பழுதைக் கண்டுபிடிக்க எழுதிய நிரல் அதைப் பார்த்து, ஆறும் கெட்டுவிட்டன என்று முடிவு செய்துவிட்டது. உண்மையில் ஒன்றும் கெடவில்லை, அதிர்வு அடங்கியதும் எல்லாம் சரியாகத்தான் வேலை செய்தன. நிரல் திரும்பிப் பார்க்கவில்லை. இருப்பதை வைத்துக் கரைசேர்க்கும் மாற்று வழிக்கு ராக்கெட்டை மாற்றிவிட்டது, அந்த வழியில் போய்த் தேவையான வேகத்தை முழுதாக எட்ட முடியவில்லை. காய்ச்சல் வந்த பிள்ளையைப் பார்த்து உயிரில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு இதில் மனசு கனத்துப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. மூன்று கட்டங்களும் ஒழுங்காக எரிந்தன, புது ராக்கெட்டின் பெரிய உறுப்புகள் எல்லாம் முதல் முயற்சியிலேயே பாஸ். தோற்றது ரெண்டு நொடிக்கு அவசரப்பட்ட ஒரு தர்க்கம். அதனால்தான் முதல் பறப்பைப் பார்க்கும்போது, தோல்வி என்று ஒரு சொல்லில் முடித்துக்கொள்ளாமல், எந்த வரி வரை டிக் விழுந்தது என்று தாளைப் பாருங்கள் என்கிறேன். அடுத்த பறப்பு எப்படி இருக்கும் என்பதை அது சொல்லிவிடும்.

அடுத்ததையும் பார்த்தால்தான் முழுசாகப் பார்த்த மாதிரி

முதல் பறப்பு தவறினால் அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். இந்தியாவின் முதல் ஏவுகலமான எஸ்.எல்.வி-3 கூட 1979 ஆகஸ்ட் 10 அன்று வங்காள விரிகுடாவில்தான் விழுந்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். அடுத்த வருஷம் ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது.

எஸ்.எஸ்.எல்.வி-க்கு ஆறே மாதம்தான். 2023 பிப்ரவரி 10, மறுபடியும் காலை 9.18. இந்த முறை அதிர்வு குறைவான பிரிப்பு அமைப்பை இரண்டாம் கட்டத்துக்கு மாற்றியிருந்தார்கள், பழுது என்று முடிவெடுக்கும் முன் நிரல் இன்னும் பொறுமையாகப் பார்க்கும்படி எழுதியிருந்தார்கள். டி2-ஐப் பார்த்தபோது என் கண் முழுக்க ஒரே இடத்தில்தான் இருந்தது, இரண்டாம் கட்டம் பிரியும் அந்த வரி. பிரிந்தது, கோடுகள் விலகவில்லை. கால் மணி நேரத்தில் 450 கிலோமீட்டர் வட்டப் பாதையில் மூன்று செயற்கைக்கோள்கள்: இ.ஓ.எஸ்-07, அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஜானஸ்-1, அப்புறம் அதே மாணவிகளின் முயற்சியாக ஆசாதிசாட்-2. இந்தமுறை காபிக்கு யாரும் எழுந்து போகவில்லை.

2024 ஆகஸ்ட் 16 அன்று டி3-யும் இ.ஓ.எஸ்-08-ஐச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது, அதோடு சோதனைப் பறப்புகள் முடிந்தன.

அறிவிப்புக்குக் காத்திராமல் நீங்களே சரிபார்ப்பது

ஏவுதல் முடிந்த சில மணி நேரத்திலோ ஒரு நாளிலோ அமெரிக்க விண்வெளிக் கண்காணிப்பு அமைப்பு வானத்தில் புதிதாகத் தெரிந்த பொருள்களுக்கு எண் கொடுத்து, பாதை விவரத்தைப் பொதுவில் வெளியிடும். செலஸ்ட்ராக் போன்ற தளங்களில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ரெண்டு வரிகளில் எண்களாக இருக்கும், பார்த்துப் பயப்பட வேண்டாம், இரண்டாவது வரியில் மூன்றே எண்கள் போதும். வரிசை எண்ணையும் பொருளின் எண்ணையும் தாண்டி வருவது சாய்வு, எஸ்.எஸ்.எல்.வி-டி2 மாதிரி என்றால் 37-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அதற்கு ரெண்டு இடம் தள்ளி வரும் ஏழு இலக்க எண் பாதை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைச் சொல்லும், அதன் முன்னால் எழுதாத ஒரு தசமப் புள்ளி இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டும். வட்டப் பாதை என்றால் 00 என்று தொடங்கும். 356-க்கு 76 பாதையைக் கணக்குப் போட்டால் 02 என்று தொடங்கும், அந்த ஓர் இலக்கத்திலேயே விஷயம் வெளிச்சமாகிவிடும். வரியின் கடைசியில் வருவது ஒரு நாளைக்கு எத்தனை சுற்று, 450 கிலோமீட்டர் உயரத்துக்கு 15.4 வாக்கில்.

ரேடியோவில் ஆர்வம் உள்ளவர்கள் இன்னொரு படி போகலாம். கணினியையே ரேடியோவாக்கும், யு.எஸ்.பி-யில் செருகும் சின்ன எஸ்.டி.ஆர் டாங்கிள், மொட்டைமாடியில் ஒரு எளிய ஆண்டெனா, பாதை விவரத்தைக் கொடுத்தால் எப்போது நம் தலைக்கு மேல் வரும் என்று சொல்லும் ஒரு செயலி. பல குட்டிச் செயற்கைக்கோள்கள் அமெச்சூர் அலைவரிசையில்தான் பேசும், ஆசாதிசாட்டும் ஹாம் ரேடியோக்காரர்களுக்கான கருவியோடுதான் போனது. ஒரு கடவைக்கு, அதாவது ஒருமுறை நம் வானத்தைக் கடந்து போகும்போது, பத்து நிமிஷத்துக்கு மேல் கிடைக்காது. பதில் அனுப்ப உரிமம் வேண்டும். முதல் ரெண்டு மூன்று கடவையில் ஒன்றும் கேட்காவிட்டால் உடனே முடிவுக்கு வராதீர்கள், சூரியத் தகடு விரிந்து பேட்டரி ஏறவும் நேரம் ஆகும்.

நேரில் போவதாக இருந்தால்

ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்கள் பார்க்க 2019-இலிருந்து கேலரி இருக்கிறது. முன்பதிவு இணையத்தில்தான், தேதி அறிவித்த கொஞ்ச நேரத்தில் இடம் தீர்ந்துவிடும் என்பதால் ஏவுதல் செய்தி வந்ததும் பாருங்கள், அடையாள அட்டை மறக்காதீர்கள். சென்னையிலிருந்து சூலூர்பேட்டை வரை ரயிலிலேயே போய்விடலாம், அங்கிருந்து பழவேற்காடு ஏரியைக் கடந்து போகிற சாலை. முதல் பறப்பு என்றால் ஒத்திவைக்க வாய்ப்பு அதிகம், ஒரு நாளை உபரியாக வைத்துக்கொண்டு போங்கள். கேலரியில் பெரிய திரை உண்டு. மேகத்துக்குள் ராக்கெட் மறைந்ததும் கூட்டம் கிளம்ப ஆரம்பிக்கும், நீங்கள் கிளம்பாமல் திரைக்கு முன்னால் போய் உட்காருங்கள், உங்கள் தாளில் அப்போதுதான் முதல் ரெண்டு வரி டிக் ஆகியிருக்கும். கேமராவில் அந்த முதல் நிமிஷத்தை வீணாக்க வேண்டாம், நெருப்பைப் பார்த்த நொடியிலிருந்து சத்தம் வந்து சேரும் வரை எண்ணுங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர்.

இந்தக் கணக்கு இனி தெற்கேயும் பயன்படப் போகிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் சின்ன ராக்கெட்டுகளுக்கென்றே புது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவினால் இலங்கை குறுக்கே வரும், அதைச் சுற்றிக்கொண்டு வளைந்து போவதற்கே எரிபொருள் செலவாகும், எஸ்.எஸ்.எல்.வி மாதிரி சின்ன ராக்கெட்டுக்கு அந்தச் செலவு தாங்காது. குலசையிலிருந்து தெற்கே கடல்தான், நேராகப் போகலாம். அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பும் நாளில் திருச்செந்தூர்க் கடற்கரையில் நின்றால் தூரம் 12, 13 கிலோமீட்டர்தான். தெற்கே பாருங்கள், வெளிச்சம் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள், நாற்பதை நெருங்கும்போது சத்தம் வரும்.